ஓடாம உட்கார வச்சா புள்ளைக்கு நல்லதுன்னு நினைச்சோம்

முருகன் துணை.

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது பொறுமையா படிங்க. வீட்டில் சின்னப் பிள்ளைங்க இருந்தா, அதுவும் இழுப்பு, வீசிங் உள்ள பிள்ளைங்க இருந்தா, அவசியம் படிங்க.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் என் மகள் பத்துமலையில் 272 படியும் ஏறினாள். வயது பத்து. இதில் என்ன பெரிய விஷயம், மூன்று வயசுப் பிள்ளைகூட ஏறுதேன்னு நீங்க கேட்கலாம். நியாயம்தான். ஆனா ஆறு வருஷமா எங்க வீட்டில் "ஓடாதே", "குதிக்காதே", "மூச்சு வாங்கும், உட்காரு" என்ற வார்த்தைகளைத்தான் அந்தப் பிள்ளை அதிகம் கேட்டு வளர்ந்தாள். சொன்னது நானும் என் மனைவியும்தான். பாசத்தில் சொன்னோம். அது தப்புன்னு புரிய ரொம்ப நாளாச்சு.

எங்க கோயிலுக்கு வருகிறவர்களுக்கு என்னைத் தெரியும். பல வருஷமா வெள்ளிக்கிழமை பூஜைக்கு சாம்பிராணி தூபக்கால் பிடிச்சது நான்தான். கரி பிடிக்க வைக்கிறது, சாம்பிராணி போடறது, பிராகாரம் முழுக்கப் புகை காட்டிக்கிட்டுப் போறது, எல்லாம் என் பொறுப்பு. இப்போ ஏன் செருப்பு வைக்கிற இடத்தில் நிற்கிறேன்னு சிலர் கேட்டீங்க. நிர்வாகத்தோடு மனஸ்தாபமான்னுகூட ஒருத்தர் கேட்டார். இல்லைங்க. காரணத்தைத்தான் இங்கே சொல்றேன்.

மகளுக்கு முதல்முதலா இழுப்பு வந்தது 2019 செப்டம்பரில், நாலு வயசில். அந்தப் புகைமூட்டம் கிள்ளான்காரர்களுக்கு மறந்திருக்காது. ஜொகான் செத்தியா பக்கம் ஐ.பி.யு 200-ஐத் தாண்டிச்சு, பள்ளிக்கூடமெல்லாம் மூடினாங்க. 2005 ஆகஸ்டில் போர்ட் கிள்ளானில் 500 தாண்டி அவசரநிலையே அறிவிச்சதை இளவட்டமா இருந்தப்போ பார்த்தவன் நான். அப்போ முகத்தில் ஒரு துணியைக் கட்டிக்கிட்டு மோட்டரில் சுத்தினேன், ஒண்ணும் ஆகலை. அந்த நினைப்பில் இதுவும் நாலு நாளில் சரியாயிடும்னு இருந்துட்டேன்.

ஆகலை. மழை வந்து வானம் வெளுத்தது. பிள்ளையோட இருமல் மட்டும் நிற்கலை. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து இருமுவாள். நெஞ்சில் காது வச்சா பூனை உறுமுகிற மாதிரி சத்தம். கிளினிக்குக்கு ஓடுவோம், 'கேஸ்' வைப்பாங்க (நெபுலைசரை நாம அப்படித்தானே சொல்றோம்), ஒரு மணி நேரத்தில் சிரிச்சுக்கிட்டு வருவாள். அடுத்த மாசம் திரும்பவும் அதே கதை. நீலமா சின்னதா கொடுத்த பம்பை நேரா வாயில் அடிச்சு விடுவோம். அப்படி அடிச்சா மருந்தில் பெரும்பகுதி நாக்கிலும் தொண்டையிலும்தான் படியும், நுரையீரலுக்குப் போகிறது கொஞ்சம்தான்னு அப்போ எங்களுக்குத் தெரியாது.

அப்புறம் 2020 மார்ச் 18, நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. கோயில் மூடியாச்சு, பாலர் பள்ளியும் மூடியாச்சு, எல்லாரும் வீட்டுக்குள்ளே. அந்த மாசங்களில் பிள்ளைக்கு ஒரு தடவைகூட இழுப்பு வரலை. "பார்த்தீங்களா, வெளியே விடாததால்தான் நல்லா இருக்கா"ன்னு என் மனைவி சொன்னாள். எனக்கும் அப்படித்தான் பட்டது. இந்த முடிவுதான் அப்புறம் அவளை நாங்க நாற்காலியில் கட்டிப்போடக் காரணமா இருந்தது.

கோயில் மறுபடி திறந்து, வெள்ளிக்கிழமை பூஜை பழையபடி நடக்க ஆரம்பிச்சது. கூடவே இழுப்பும் வந்தது. வேடிக்கை என்னன்னா, பெரும்பாலும் வெள்ளிக்கிழமை ராத்திரி, இல்லாட்டி சனிக்கிழமை விடியற்காலை. நான் கண்டுபிடிக்கலைங்க. கிளினிக் சீட்டுகளை ஃபைலில் அடுக்கி வச்சிருந்த என் மனைவிதான் தேதிகளைப் பார்த்துட்டு, "என்னங்க, எல்லாமே வெள்ளி, சனியா இருக்கு"ன்னாள்.

மருத்துவமனையில் குழந்தைகள் டாக்டரிடம் போனப்போ, ஒரு அம்மா, பொறுமையா கேட்டாங்க. "வீட்டில் யாராவது சிகரெட் பிடிக்கிறீங்களா?" "இல்லவே இல்லை டாக்டர், கோயில் குடும்பம்." "ஊதுபத்தி, சாம்பிராணி?" நான் பெருமையா சொன்னேன், கோயிலில் சாம்பிராணி காட்டுறதே நான்தான்னு. அவங்க என் சட்டையைப் பார்த்தாங்க. அன்றைக்கு வெள்ளிக்கிழமை. காலை பூஜை முடிச்சு அப்படியே வந்திருந்தேன். அந்தச் சின்ன அறை முழுக்க என் சட்டை வாசம்தான்.

பக்தி மணம்னு நாம நினைக்கிற அந்தப் புகையிலும் நுண்துகள் இருக்கு, சிகரெட் புகை, ஜெரெபு மாதிரியே இதுவும் ஆஸ்துமா உள்ள மூச்சுக்குழாயை உறுத்தும்னு விளக்கினாங்க. இது ஒண்ணுதான் காரணம்னு அவங்க சொல்லலை. சின்னப் பிள்ளைங்களுக்கு இழுப்பைக் கிளப்பிவிடுகிறதில் முதலிடம் சளிக் காய்ச்சலுக்குத்தான். நடமாட்டக் கட்டுப்பாட்டில் பிள்ளை நல்லா இருந்ததுக்கு, யாரிடமும் சளி ஒட்டாததும் ஒரு காரணமா இருக்கலாம். "ஆனா உங்க வெள்ளிக்கிழமைக் கணக்கை நான் ஒதுக்க மாட்டேன்"னு சொன்னாங்க.

வீட்டுக்கு வந்து அழுதேன். சொல்ல வெட்கமில்லை. சாமிக்குக் காட்டின புகையைச் சட்டையில் சுமந்துக்கிட்டு வந்து, அந்தச் சட்டையோடவே பிள்ளையைத் தூக்கி நெஞ்சில் போட்டுத் தூங்க வச்சிருக்கேன்.

சரி, தெரிஞ்சுக்கிட்டோம். அத்தோடு விட்டுச்சான்னா, இல்லை. அதுக்கப்புறம் நாங்க செய்ததுதான் பெரிய தப்பு.

டாக்டர் இரண்டு பம்ப் கொடுத்தாங்க. ஒண்ணு இழுப்பு வரும்போது குழாயைத் திறந்துவிடுறதுக்கு. இன்னொண்ணு இழுப்பே வராம தடுக்கிறதுக்கு, தினமும் காலையும் இரவும், பிள்ளை நல்லா இருந்தாலும் போடணும். இரண்டு மாசம் ஒழுங்கா போட்டோம். இருமல் போச்சு. உடனே சொந்தக்காரங்க ஆளுக்கு ஒண்ணு சொன்னாங்க. "அது ஸ்டீராய்டுப்பா, பிள்ளை வளராது." "பம்ப் பழகிட்டா சாகுற வரைக்கும் விடாது." நல்லாத்தானே இருக்கா, எதுக்குன்னு நாங்களே நிறுத்திட்டோம். டாக்டரிடம் கேட்கலை.

அதுக்குப் பதிலா, அவளை அசையவிடாம பார்த்துக்கிட்டோம். பள்ளியில் உடற்பயிற்சி நேரத்தில் உட்கார வைங்கன்னு ஆசிரியருக்குக் கடிதம் கொடுத்தோம். விளையாட்டுப் போட்டி அன்றைக்கு எல்லாப் பிள்ளைங்களும் நிறச் சட்டை போட்டு ஓட, இவள் மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். ஓடுற பிள்ளைங்களோட பையெல்லாம் இவளைச் சுத்தி. சாயங்காலம் பாட்டி ஃபோனில், "நீ என்ன போட்டியில் இருந்தே பாப்பா?"ன்னு கேட்டாங்க. "நான் பை பார்த்துக்கிட்டேன் பாட்டி"ன்னாள். சாதாரணமாத்தான் சொன்னாள். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கலை.

அதே வருஷம் மழைக்காலத்தில் ஒரு சளி பிடிச்சது. இரண்டாம் நாள் ராத்திரி, ஒரு வாக்கியம் முழுசா பேச முடியலை. "அப்... பா... தண்ணி." விலா எலும்புக்கு நடுவில் தோல் உள்ளே உள்ளே போச்சு. சிவப்பு விளக்குகளைப் பார்க்காம வண்டி ஓட்டினேன். நாலு நாள் வார்டில் இருந்தோம்.

வார்டை விட்டு வரும்போது அந்த டாக்டர் அம்மா எங்களை உட்கார வச்சு நாலு கேள்வி கேட்டாங்க. கடந்த நாலு வாரத்தில், பகலில் இருமலோ இழுப்போ வாரத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் வந்ததா? ராத்திரி தூக்கம் கெட்டதா? நிவாரணப் பம்ப் வாரத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் தேவைப்பட்டதா? ஆஸ்துமாவால் ஓடுறது, ஆடுறது எதையாவது குறைச்சுக்கிட்டாளா?

முதல் மூணுக்கும், சளி பிடிக்கிறதுக்கு முன்னாடி வரைக்கும் இல்லைன்னு சொன்னோம். நாலாவதுக்கு என் மனைவி, "அவ ஓடுறதே இல்லை டாக்டர், நாங்க விடுறதில்லை"ன்னு நல்ல பிள்ளை மாதிரி சொன்னாள்.

அதுக்கு டாக்டர் சொன்னதை நான் மறக்க மாட்டேன். "அம்மா, ஓட முடியாம இருக்கிறது வைத்தியம் இல்லை. ஆஸ்துமா கட்டுப்பாட்டில் இல்லைங்கிறதுக்கு அதுவே ஒரு அடையாளம். மருந்து கொடுக்கிறது எதுக்கு? அவ ஓடணும்னுதானே. நீங்க மருந்தை நிறுத்திட்டு ஓட்டத்தையும் நிறுத்திட்டீங்க."

எங்களுக்குப் பளார்னு அறைஞ்ச மாதிரி இருந்தது.

பயத்தையும் கேட்டோம், ஸ்டீராய்டு பற்றி. இழுத்து உள்ளே போகிற மருந்தோட அளவு ரொம்பக் கொஞ்சம், வளர்த்தியில் வித்தியாசம் வந்தாலும் பெரும்பாலும் சின்னதுதான், அதுக்காகத்தான் ஒவ்வொரு தடவையும் உயரத்தை அளக்கிறோம், மூச்சு முட்டி வார்டில் படுக்கிறதுதான் பெரிய ஆபத்துன்னு விளக்கினாங்க. பவுலா ராட்கிளிஃப்னு ஒரு பிரிட்டன் அம்மா, சின்ன வயசிலிருந்தே ஆஸ்துமா, 2003-இல் மாரத்தானில் 2 மணி 15 நிமிஷம் 25 வினாடியில் ஓடி உலக சாதனை பண்ணினாங்களாம். அதைக் கேட்டதும் கட்டிலில் இருந்த என் மகள் எழுந்து உட்கார்ந்தாள். "அவங்களும் பம்ப் அடிப்பாங்களா?"

அன்றையிலிருந்து புதுசா ஆரம்பிச்சோம். எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தபடி செய்தோம்:

பம்பை எப்பவும் ஸ்பேசர் வச்சுத்தான். நல்லா குலுக்கணும், ஒரு தடவைக்கு ஒரு அழுத்து மட்டும், அஞ்சாறு மூச்சு நிதானமா இழுக்கணும், அப்புறம் திரும்பக் குலுக்கி அடுத்தது. தடுப்பு மருந்து போட்டதும் வாய் கொப்பளிக்கணும், இல்லாட்டி வாயில் வெள்ளையா புண் வரலாம். ஸ்பேசரைச் சோப்புத் தண்ணியில் கழுவி, துணியால் துடைக்காம அப்படியே காத்தில் காய விடணும். துடைச்சா பிளாஸ்டிக்கில் மின்சாரம் மாதிரி ஒரு ஈர்ப்பு வந்து மருந்து சுவரிலேயே ஒட்டிக்கும். இதெல்லாம் சின்ன விஷயம்தான், ஆனா இத்தனை நாள் நாங்க மருந்தைப் பாழாக்கினது இங்கேதான்.

நான் கோயிலிலிருந்து வந்தா நேரா குளியலறை. சட்டை மாத்தாம பிள்ளையைத் தொடுறதில்லை. வீட்டுப் பூஜையறையில் ஊதுபத்தி நின்னது, நல்லெண்ணெய் விளக்கும் பூவும் மட்டும்.

அப்புறம் ஞாயிற்றுக்கிழமை. முதலில் தாமான் ரக்யாட், நம்ம கிள்ளான் பூங்காதான். காலையில் புறப்படும் முன்னே சுற்றுச்சூழல் துறையோட ஐ.பி.யு அளவைப் பார்ப்போம். 50 வரைக்கும் நல்லது, 100 வரைக்கும் மிதம், அதைத் தாண்டினா வீட்டிலேயே பல்லாங்குழி. பூங்காவில் எடுத்ததும் ஓட விடமாட்டோம். பத்து நிமிஷம் நடை, கை காலை ஆட்டி உடம்பைச் சூடாக்கிக்கிட்டு, அப்புறம்தான் ஓட்டம். முதல் வாரம் இரண்டு விளக்குக் கம்பத்துக்கு நடுவில் உள்ள தூரம். நான் பம்பைக் கையில் பிடிச்சுக்கிட்டு பக்கத்திலேயே ஓடினேன். அவள் ஜாலியா இருந்தாள். எனக்குத்தான் மூச்சு வாங்கினது.

நாலு மாசத்தில் ஷா ஆலாம் தாவரவியல் பூங்காவுக்கு மாறினோம், சைக்கிள் வாடகைக்கு எடுத்து மரநிழலில் ஓட்டினாள்.

என் அம்மா பிரிக்பீல்ட்ஸில் இருக்காங்க. எங்க அப்பா ரயில்வேயில் இருந்தவர், அந்த ஊரை விட்டு வர அம்மாவுக்கு மனசில்லை. மாசம் ஒரு தடவை கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் போவோம், ஸ்காட் ரோடு கந்தசாமி கோயிலில் கும்பிட்டுட்டு, பிள்ளையை அழைச்சுக்கிட்டு பெர்டானா தாவரவியல் பூங்கா. 1888-இல் அமைச்ச பழைய பூங்கா. ஏரியைச் சுத்தி மேடும் பள்ளமுமா நடக்க நல்ல இடம்.

அம்மா முதல் தடவை என்னைத் திட்டினாங்க. "மூச்சு வாங்குற புள்ளையை மேட்டில் ஓட விடுறியே, உனக்குப் புத்தி இருக்கா?" கையில் கற்பூரவல்லிச் சாறு, சுக்குத் தண்ணி. அவங்க மேல் தப்பில்லை. அவங்க காலத்தில் இழுப்பு வந்த பிள்ளைங்களுக்கு இந்த மருந்தெல்லாம் இல்லை, பொத்திப் பொத்தித்தான் காப்பாத்தினாங்க. நான் வாதாடலை. ஸ்பேசரை அவங்க கையில் கொடுத்து, "நீங்களே போட்டு விடுங்கம்மா"ன்னேன். பேத்தியே சொல்லிக் கொடுத்தாள். "பாட்டி, குலுக்குங்க. இப்ப அமுக்குங்க. எண்ணுங்க." அம்மா, "ஒண்ணு, ரெண்டு..."ன்னு பயபக்தியோட எண்ணினாங்க. இப்போ ஃபோன் பண்ணினா முதல் கேள்வியே, "காலை மருந்து போட்டாச்சா?"

பத்துமலை அவளோட ஆசை. "எப்பப்பா நான் ஏறுவேன்?" தைப்பூசத்துக்கு நான் வருஷா வருஷம் தண்ணீர்ப் பந்தலில் நிற்கிறவன். ஜாலான் துன் எச்.எஸ். லீ மாரியம்மன் கோயிலிலிருந்து வெள்ளி ரதம் கிளம்பி பத்துமலைக்கு வந்து சேருகிற வரைக்கும் வழியெல்லாம் கற்பூரமும் தூசியும் கூட்டமும் எப்படி இருக்கும்னு தெரியும். அதனால் தைப்பூசத்துக்கு வேண்டாம், சாதாரண நாளில் போகலாம்னு முடிவு பண்ணினோம். முருகன் எல்லா நாளும் அங்கேதானே இருக்கிறார்.

டாக்டரிடம் கேட்டுக்கிட்டோம். முதல் நாள் இருமல் இல்லை. ஐ.பி.யு நல்லா இருந்தது. காலை ஏழரைக்கு அந்த 140 அடி முருகன் காலடியில் நின்னோம். பாட்டியும் வந்தாங்க, கீழேயே உட்கார்ந்துக்கிட்டாங்க. நாலு இடத்தில் நின்னு நின்னு ஏறினாள். மூணாவது தடவை நின்னப்போ என் மனைவி என் கையை இறுக்கிப் பிடிச்சாள். "மூச்சு வாங்குதா பாப்பா?" "வாங்குதும்மா. ஆனா இது இழுப்பு இல்லை, ஏறினதால வாங்குற மூச்சு." பம்ப் எடுக்கலை. குரங்கு ஒண்ணு என் தண்ணி பாட்டிலைப் பிடுங்கிக்கிட்டுப் போனதுதான் அன்றைய ஒரே விபத்து.

இழுப்புக்கும் சாதாரண மூச்சு வாங்கலுக்கும் வித்தியாசம் அவளுக்குத் தெரிஞ்சிருக்கு பாருங்க. ஓடவிட்டதால்தான் தெரிஞ்சது. உட்கார வச்ச பிள்ளைக்கு அது எப்படித் தெரியும்?

இப்போ கோயில் விஷயம். நான் நிர்வாகத்தில் பேசினேன். "சாம்பிராணி இல்லாம பூஜையா?"ன்னு பெரியவங்க சிலருக்கு வருத்தம். நிறுத்தச் சொல்லலை, அளவு பற்றித்தான் கேட்டேன். இப்போ கரியை வெளியே நல்லா பிடிக்க வச்சு, புகை அடங்கினதும்தான் உள்ளே கொண்டு வர்றாங்க. பிள்ளைங்களோட தேவார வகுப்பு நடக்கிற நேரத்தில் தூபம் இல்லை. யாகத்தன்றைக்கு மூச்சுக் கஷ்டம் உள்ளவங்க காத்தோட்டமா உட்கார வாசல் பக்கம் நாற்காலி. ஏற்றுக்கொண்ட நிர்வாகத்துக்கு இந்த இடத்தில் நன்றி. தூபக்காலை இன்னொரு தம்பியிடம் கொடுத்துட்டு நான் செருப்புப் பக்கம் வந்துட்டேன். அங்கேயும் சேவைதான்.

தொண்டர்களுக்கும் பக்தர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கோயிலில் ஒரு பிள்ளைக்கு மூச்சு முட்டினா, சுத்தி நிற்காதீங்க. புகை இல்லாத இடத்துக்குக் கொண்டு வந்து, நிமிர்ந்து உட்கார வைங்க, படுக்க வைக்காதீங்க. பெற்றோரிடம் நிவாரணப் பம்ப் இருக்கான்னு கேளுங்க, டாக்டர் எழுதிக் கொடுத்த அளவுப்படி ஸ்பேசரில் போடட்டும். தைலம் தேய்க்காதீங்க. விபூதியை நெற்றியில் வையுங்க, முகத்தில் ஊதாதீங்க. பேச முடியலை, உதடு நீலமா இருக்கு, விலா உள்ளே இழுக்குது, பம்ப் போட்டும் அடங்கலைன்னா காத்திருக்காம 999.

பெற்றோர்களே, ஒவ்வொரு பிள்ளையும் வேற வேற. நான் டாக்டர் இல்லை, என் பிள்ளைக்குச் சொன்னதை அப்படியே உங்க பிள்ளைக்குச் செய்யாதீங்க. ஆனா அடுத்த தடவை கிளினிக் போகும்போது ஒரு கேள்வியைச் சேர்த்துக் கேளுங்க. ஆஸ்துமாவா இருந்தாலும் சரி, இருதயத்தில் ஓட்டை, வலிப்பு, சர்க்கரை எதுவா இருந்தாலும் சரி. "இவன் என்ன செய்யக்கூடாது?"ன்னு நாம எல்லாரும் கேட்கிறோம். "இவன் என்னென்ன செய்யலாம், அதுக்கு நாங்க என்ன பண்ணணும்?"னு கேளுங்க. நாங்க அதைக் கேட்காம ஆறு வருஷத்தைத் தொலைச்சோம்.

வர்ற மாசம் பள்ளியில் விளையாட்டுப் போட்டி. 100 மீட்டரில் பேர் கொடுத்திருக்காள். கடைசியா வந்தாலும் வருவாள். அன்றைக்குப் பை பார்த்துக்கிறது நான்தான்னு சொல்லிட்டேன்.

பிள்ளையோட பம்ப், ஸ்பேசர் பற்றி ஏதாவது பேசணும்னா வெள்ளிக்கிழமை சாயங்காலம் செருப்பு வைக்கிற இடத்தில் இருப்பேன், வாங்க. தெரிஞ்சதைச் சொல்றேன், தெரியாததுக்கு டாக்டரைப் பார்க்கச் சொல்றேன்.

முருகா சரணம்.